துறையூருக்குப் போன நாற்காலி

மலைக்கோட்டை உச்சியைப் பார்த்துக்கொண்டு சத்தியமாகச் சொல்வது இது. இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டியதில்லை. கூட்டியிருந்தால் சொல்கிற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சோறு தண்ணீர் இறங்காமல் போகட்டும். சில இடங்களில் குறைத்துச் சொல்லியிருப்பது உண்மை. உள்ளதை உள்ளபடி சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் குறைத்தது. அத்தனையும் ஸ்தனிஸ்லாஸ் கூடவே இருந்து பார்த்தவை. ஸ்தனிஸ்லாஸைத் தெரிந்தவர்களுக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் அடிக்கிற வேலை அவருக்கு. மேலப்புதூரில் கோயில் மணி அடித்தால் அடுப்படிப் பாத்திரம் அதிர்கிற தூரத்தில் வீடு. அவருக்குத் தெரிந்த நிறம் ஒன்றே ஒன்றுதான்: ரயில் பெட்டிச் சிவப்பு. எதைக் கொடுத்தாலும் அவர் கையில் அது ரயிலாகிவிடும். பொன்மலையில் ஒரு ரயில் கார்டு வீட்டில் கழித்துப்போட்ட தேக்கு அலமாரி வந்தபோது, ஆசையாக அதற்கும் அந்தச் சிவப்பையே அடித்து வைத்தார். மனைவி செல்வமேரி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்னங்க, இதுல ஏறினா விழுப்புரத்துல இறக்கி விட்டுடும் போலிருக்கே."

"நல்லா இல்லையா மேரி?"

"ரயிலுக்கு நல்லாருக்கும். நீங்க ரயிலைப் பாத்துக்கங்க, மரத்தை நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு ஆரம்பித்தது. சட்டைக்காரர்கள் என்று ஊர் சொல்கிற ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. டிரைவர் வீடு, கார்டு வீடு, ஃபோர்மேன் வீடு என்று பொன்மலையில் வாரத்துக்கு ஒரு வீடு காலியாகும். ஆஸ்திரேலியாவுக்குத் தேக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கண்ணாடி வைத்த மேஜை, ஆடுநாற்காலி, சாப்பாட்டு நாற்காலி எல்லாம் வாசலில் மழையில் கிடக்கும். செல்வமேரி பக்கத்து வீட்டுப் பெரியண்ணனின் மாட்டு வண்டியில் போய் ஏற்றிக்கொண்டு வருவாள்.

முதலில் சோடாக் காரம் போட்டுப் பழைய வார்னிஷைச் சுரண்ட வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பூச்சு பூசிய சாமான்கள். ஒரு முக்காலியைச் சுரண்டினாள், சுரண்டினாள், சாயங்காலம்வரை வார்னிஷ் வந்துகொண்டே இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் பார்த்தால் உள்ளே முக்காலியே இல்லை. வார்னிஷ்தான் அதுவரை முக்காலியாக நின்றிருக்கிறது. மற்றவற்றில் மரம் இருந்தது. வெடிப்புக்கு மக்கு வைத்து அடைப்பாள். மகள் பேட்ரிசியா உட்கார்ந்து உப்புத்தாள் போடுவாள். பிறகு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டுக்கொண்டு செல்வமேரி தேய்க்க ஆரம்பிப்பாள். சுற்றிச் சுற்றி, கை நிற்காமல். நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழும். குழம்பு கொதித்து வழிந்தாலும், பால்காரன் கூப்பிட்டாலும், கோயிலில் மூவேளை மணி அடித்தாலும் கை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஜெபம் வாயில் நடக்கும்.

அவள் தேய்த்த மரத்தின் பளபளப்பைப் பற்றி நிறையச் சொல்லலாம், வேண்டாம். வாசலில் காயவைத்த அலமாரிக் கதவில் தன்னைப் பார்த்த ஒரு காக்கை, வேறு காக்கை வந்துவிட்டதென்று கூட்டைக் காலிசெய்துகொண்டு போனதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

அது மதுவிலக்குக் காலம். சாயங்காலமானால் பெரியண்ணன் இவர்கள் ஜன்னலுக்கு அடியில் வந்து நிற்பார்.

"என்ன அண்ணே, ஏதும் வேணுமா?" என்பாள் செல்வமேரி உள்ளேயிருந்து.

"ஒண்ணுமில்ல தங்கச்சி. காத்து வாங்குறேன்."

வாங்கி முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி வீட்டுக்குப் போவார்.

சாமான்கள் பெரும்பாலும் ஸ்ரீரங்கத்துக்குத்தான் போகும். சித்திரை வீதிக் கமலவல்லி அம்மாள் ஒரு மேஜை வாங்கினாள். யார் வீட்டு மேஜையோ, அதில் யார் எதைத் தின்றார்களோ என்று குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டாள். தண்ணீர் பட்ட பாலீஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது. மறுநாள் ஆள் அனுப்பிச் செல்வமேரியை வரவழைத்தாள்.

"என்னடியம்மா இது? வைஷ்ணவா ஆத்துல விபூதி பூசிண்டு ஒரு மேஜை நிக்கலாமோ?"

"அதுக்கென்ன மாமி, நடுவுல செவப்பா ஒரு கோடு இழுத்துத் தரட்டுமா? நாமமாயிடும்."

கமலவல்லி அம்மாள் சிரித்துவிட்டாள். மேஜையைத் திரும்பத் தேய்த்துக் கொடுத்ததும், ஒரு செட்டு சாப்பாட்டு நாற்காலிக்கும் சொல்லி வைத்தாள்.

இந்த வேலையில் செல்வமேரிக்கு மிஞ்சியது கை. மணிக்கட்டுவரை கருஞ்சிவப்பு. மருதாணியென்றால் நாலு நாளில் போகும். இது போகாது. புளி, எலுமிச்சை, சாம்பல் எல்லாம் போட்டுப் பார்த்து, பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டாள். ஸ்தனிஸ்லாஸுக்கு அந்தக் கையால் சோறு போட்டால்தான் சோறு மாதிரி இருக்கும். கொஞ்சம் அரக்கு வாசனை அடிக்கும், அதனாலென்ன?

அறுபத்தொன்றாம் வருஷம், ஜெபமாலை மாதமான அக்டோபர், அடைமழை. ஸ்தனிஸ்லாஸின் அண்ணன் இருதயநாதன் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். கோயில் பங்கில் கொடியேற்றமோ, கல்யாணமோ, அடக்கமோ, எதுவானாலும் முன்னால் நிற்கிறவர் அவர். உட்கார இடம் தேடினார்.

"அதுல வேணாம் அத்தான், மக்கு காயல. அதுலயும் வேணாம், கால் ஆடுது," என்றாள் செல்வமேரி.

"நல்ல வீடு! நாற்காலிக்குக் குறைச்சலில்ல, உக்காரத்தான் ஒண்ணுமில்ல." நின்றுகொண்டே தம்பியிடம் சொன்னார். "ஸ்தனிஸ், நல்ல இடம் வந்திருக்கு. துறையூர். மாப்பிள்ளை பாக்கியநாதன், ஸ்கூல் வாத்தியார். அப்பா அருள்நாதன் அந்த ஊர் மதுவிலக்குச் சங்கத்துத் தலைவர். காபியைக்கூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு, அவ்வளவு ஒழுக்கம்."

"சரிண்ணே."

"நகைநட்டு ஒண்ணும் பேசல. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. நிச்சயமான அன்னைக்கே இந்தக் கடையை ஏறக்கட்டிடணுமாம்."

"இது கடையில்ல அத்தான், வீடு," என்றாள் செல்வமேரி.

"வீடுன்னா வீட்டு வாசனை அடிக்கணும். சம்பந்தியம்மா ஸ்பிரிட்டு வாசனையோட, இந்தக் கையோட வந்து பந்தியில நின்னா அவங்க மானம் என்னாகுறது?"

"அவங்க என் பொண்ணைக் கேக்குறாங்களா, என் கையைக் கேக்குறாங்களா?"

பேட்ரிசியா உப்புத்தாளைக் கீழே வைத்தாள். "பெரியப்பா, என் கையும் இந்த நிறம்தான்."

"உன் கை வெயில்ல கறுத்ததுன்னு சொல்லிக்கலாம்."

"உள்ளங்கையிலயா வெயில் அடிக்கும்?"

"வாயைப் பாரு! அம்மா மாதிரியே. ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சதும் வராங்க. நான் முன்னாடியே வந்து எல்லாத்தையும் பாத்துக்கறேன். நீங்க யாரும் எதுவும் பேச வேணாம்."

அன்று சாப்பிடும்போது செல்வமேரி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ல..."

"வாயில மீன் இருக்கு, முழுங்கிட்டுச் சொல்லுங்க."

முழுங்கினார். "விடச் சொல்ல மாட்டேன் மேரி. ஆனா பாப்பாவுக்கு அந்தப் பையனைப் பிடிச்சிருக்கு போலிருக்கு. திருவிழாவுல தேர் வடம் பிடிக்கறப்போ பாத்திருக்கா."

"எனக்கும் தெரியும். அதான் தொண்டையில முள்ளாட்டம் நிக்குது." அவள் குழம்பை ஊற்றினாள். "நான் பொறந்ததுலேர்ந்து எல்லாம் யாராவது சொல்லித்தாங்க நடந்திருக்கு. எங்க உக்காரணும், எப்ப எந்திரிக்கணும், எந்தச் சீலை. யாரும் சொல்லாம நானாச் செஞ்சது இது ஒண்ணுதான். செத்துப்போன மரம் என் கைக்கு அடியில முழிச்சுப் பாக்குது. நானா அலுத்துப்போய் விட்டா விடுவேன். ஒருத்தர் கேட்டாருன்னு விட மாட்டேன். கல்யாணம் நின்னாலும் விட மாட்டேன். பாப்பா அழுதா அவ கூடச் சேந்து நானும் அழுவேன். அழுதுகிட்டே தேய்ப்பேன்."

ஸ்தனிஸ்லாஸ் இன்னொரு கை சோறு கேட்டார். வேறென்ன செய்வார்?

அந்த வாரம் கமலவல்லி அம்மாளின் நாற்காலிகள் முடியவேண்டியிருந்தது. மழை ஈரத்தில் அரக்குப் பாலீஷ் பூத்துப்போகும் என்று, செல்வமேரி தன் கணக்கில் ஒரு கலவை செய்தாள். அரக்கோடு குங்கிலியத்தைக் கூட்டி, லின்சீட் எண்ணெயும் கொஞ்சம் விட்டாள். பளபளப்பு வந்தது. காய்வதுதான் வரவில்லை. கூடத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, "செவ்வாக்கிழமை வரைக்கும் யாரும் கிட்டப் போகக்கூடாது" என்று சொல்லி, எதிரே ஜமுக்காளம் விரித்து வைத்தாள். துறையூர்க்காரர்களுக்கு அது.

ஞாயிற்றுக்கிழமை அவளும் பேட்ரிசியாவும் அடுப்படியில் வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியுமாக இருந்தபோது இருதயநாதன் வந்தார். ஜமுக்காளத்தைப் பார்த்தார்.

"சங்கத் தலைவரைத் தரையிலயா உக்கார வைக்கிறது? இத்தனை நாற்காலி சும்மா நிக்குது!"

பெட்டியைத் திறந்து வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எடுத்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒன்றாகப் போர்த்தினார். கூடம் பிஷப் மேற்றிராணியார் வரப்போகிற மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணே, அது வந்து..." என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"நீ பேசாத."

ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் சொல்லைத் தட்டாதவர். பேசவில்லை.

அருள்நாதன் வந்தார். கஞ்சி போட்ட வேட்டி, நெஞ்சில் சங்கத்துப் பித்தளை வில்லை. அவர் மனைவி லூர்துராணி வந்தாள்; வாசல் தாண்டியதுமே மூக்கை உறிஞ்சினாள், முகம் சுளிக்கவில்லை. பின்னால் பாக்கியநாதன். அருள்நாதன் உட்கார்ந்தார். லூர்துராணி உட்கார்ந்தாள். சரிக்குச் சமமாக இருதயநாதனும் உட்கார்ந்தார். மாப்பிள்ளை மட்டும் அப்பா எதிரில் உட்காரும் வழக்கமில்லையென்று சுவரோரம் நின்றுகொண்டான். காபித் தட்டோடு வந்த செல்வமேரி, விரிப்புகளைப் பார்த்தாள், விரிப்புகளின்மேல் ஆட்களைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். ஸ்தனிஸ்லாஸ் கூரையைப் பார்த்தார்.

அருள்நாதன் காபியை முகர்ந்துவிட்டுக் குடித்தார். "அம்மா, உங்க பொண்ணைப் பத்தி நாலு பேரு நல்லாச் சொல்றாங்க. ஆனா இந்த வாசனை... நான் ஊர் ஊராப் போய் ஸ்பிரிட்டைத் தொடாதேன்னு பிரசங்கம் பண்றவன். என் சம்பந்தி வீட்டுல சீசா சீசாவா இருந்தா ஊர் சிரிக்காதா?"

"நாங்க குடிக்கலீங்க. குடிக்கிறது மரம்," என்றாள் செல்வமேரி.

இருதயநாதன் குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் இன்னையோட விட்டாச்சுங்க! இனிமே செல்வமேரி ஸ்பிரிட்டைக் கையால தொட மாட்டா. இது நான் குடுக்குற வாக்கு."

செல்வமேரி தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த மாதிரி அவள் நிற்கும்போது ஸ்தனிஸ்லாஸ் வழக்கமாகப் புழக்கடைக்குப் போய்விடுவார். அன்றைக்குப் போக வழியில்லை.

"அப்ப எல்லாரும் எந்திரிச்சு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி நிச்சயம் பண்ணிக்கலாம்," என்றார் அருள்நாதன்.

எழுந்தார்கள். நாற்காலிகளும் எழுந்தன.

"சேசு மரி சூசை!" என்றாள் லூர்துராணி.

அருள்நாதன் வலப்பக்கம் திரும்பினார், நாற்காலியும் திரும்பியது. இடப்பக்கம் திரும்பினார். காயாத பாலீஷ் விரிப்பில் ஊறி வேட்டிவரை பிடித்திருந்தது. இருதயநாதன் கையால் பின்னால் தள்ளப் பார்த்ததில் கையும் ஒட்டிக்கொண்டது. மூன்று பேரும் கூடத்தின் நடுவில் குனிந்து நின்றதைப் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே காற்று வாங்கிக்கொண்டிருந்த பெரியண்ணன், தனக்கு அன்றைக்கு ஏறியது கொஞ்சம் அதிகம் என்று நினைத்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது! இதுக்கு என்ன வழி?" என்று கத்தினார் அருள்நாதன்.

"வழி சுலபந்தாங்க. ஸ்பிரிட்டைத் துணியில நனைச்சுச் சுத்திச் சுத்தித் தேய்ச்சா விட்டுடும்."

"அப்ப தேய்ம்மா!" என்றார் இருதயநாதன்.

"நான் எப்படித் தொடுறது அத்தான்? வாக்குக் குடுத்துட்டீங்களே. பஜ்ஜி ஆறுது, உக்காந்து சாப்பிடுங்க. உக்காரத்தான் இப்ப வசதியாயிருக்கே."

மழை பிடித்துக்கொண்டு பெய்தது. பஜ்ஜி சாப்பிட்டார்கள். கேசரி சாப்பிட்டார்கள். மத்தியானச் சோறு வடித்தாயிற்று; அதையும் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார்கள். கடைசியில் லூர்துராணிதான் வாயைத் திறந்தாள்.

"இந்தாங்க, நீங்க வேலையை விட வேணாங்க. வந்து என்னை விடுங்க."

"ராணி!" என்றார் அருள்நாதன்.

"நீங்க சும்மா இருங்க. கல்யாணமான நாள்லேர்ந்து உங்க கூட ஒட்டிக்கிட்டுத்தான் கெடக்கேன். இந்த நாற்காலியோடவும் ஒட்டிக்கணுமா?"

செல்வமேரி கிட்டே போனாள். "அக்கா, இப்ப நாற்காலிக்காகச் சொல்லிட்டு, நாளைக்கு என் கையைப் பாத்து மூஞ்சியைத் திருப்பக்கூடாது."

லூர்துராணி அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். "நான் வந்ததுலேர்ந்து அந்த அலமாரியைத்தான் பாக்குறேன். இதை எப்படிச் செஞ்சீங்கன்னு கேக்கணும்னு இருந்தேன். இவரு பேச விட்டாத்தானே?"

இருதயநாதன் குனிந்த வாக்கிலேயே தன் வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். செல்வமேரி லூர்துராணியின் பக்கத்தில் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள். பேட்ரிசியா ஒரு துணியை நனைத்து, சுவரோரம் நின்றவனிடம் நீட்டினாள்.

"சும்மா நிக்கிறீங்களே, எங்க பெரியப்பாவைப் பாருங்க. சுத்திச் சுத்தித் தேய்க்கணும். நிறுத்தினா அங்கயே பிடிச்சுக்கும்."

பாக்கியநாதன் தேய்த்தான். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கையைப் பார்த்தான். "இது போகாதா?"

"போகாது."

"சரி," என்று மறுபடி தேய்த்தான்.

அருள்நாதன் மட்டும் மசியவில்லை. ஸ்பிரிட்டு தன்மேல் பட்டால் சங்கத்தைக் கலைக்க வேண்டியதுதான் என்றார். நாற்காலியோடேயே ஊருக்குப் போகிறேன் என்றார். போனார். பெரியண்ணனின் வண்டியில் ஏற்றி, ஸ்தனிஸ்லாஸ் குடை பிடித்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனார். கிளம்பும்போது செல்வமேரி ஒரு சீசாவைக் காகிதத்தில் சுற்றிக் கணவனிடம் கொடுத்து, காதில் ஏதோ சொன்னாள்.

துறையூர் பஸ்ஸில் நிற்க இடமில்லை. அருள்நாதன் ஒருவர்தான் நடுவழியில் வசதியாக உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே, நாற்காலிக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கணும்," என்றார் கண்டக்டர்.

"நாற்காலி வேற, நான் வேறயா இருந்தாத்தானேப்பா லக்கேஜ்?"

கண்டக்டர் யோசித்துவிட்டு ஒற்றை டிக்கெட்டே கொடுத்தார். பஸ் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் நின்றது. அங்கே யார் ஏற வேண்டும்? மண்ணச்சநல்லூரில் அரிசிக்குச் சொல்லக் கிளம்பிய கமலவல்லி அம்மாள். ஏறியவுடன் கண்ணில் பட்டது நாற்காலி.

"இதோ பாருங்கோ, இது நான் சொல்லி வச்ச நாற்காலின்னா! செதுக்கின பூவைப் பார்த்தாலே தெரியறதே. எழுந்துக்கோங்கோ."

"முடியாதும்மா."

"முடியாதா! அடுத்தவா சொத்துல உக்காந்துண்டு முடியாதுன்னு சொல்றேளே, நெஞ்சில வில்லை வேற!"

டோல்கேட்வரை அவள் விடவில்லை. பஸ் முழுக்க அவள் கட்சி. டோல்கேட் தாண்டியதும் அருள்நாதன் ஸ்தனிஸ்லாஸை அருகில் கூப்பிட்டார்.

"அந்தச் சீசா இருக்கா?"

"இருக்குங்க. ஆனா அவ ஒண்ணு சொல்லி விட்டிருக்கா. செல்வமேரி வேலையை விட வேணாம்னு நீங்க சொல்லணுமாம். சத்தமா. கண்டக்டருக்குக் கேக்குறாப்ல."

அருள்நாதன் வெளியே வயலைப் பார்த்தார். வயலில் தண்ணீர் நின்றது. பிறகு சொன்னார். கண்டக்டருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். டிரைவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார்.

ஸ்தனிஸ்லாஸ் சீசாவைத் திறந்தார். பல வருஷ மதுவிலக்குக்குப் பிறகு அந்த வாசனை பஸ்ஸுக்குள் பரவியபோது, முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். பஸ்கூட அதற்கப்புறம் சாலையில் நேராகப் போகவில்லை. அருள்நாதன் விடுபட்டார். கமலவல்லி அம்மாள் மஞ்சள் தண்ணீரைப் பற்றிய நினைப்பே இல்லாமல் நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மண்ணச்சநல்லூரில் இறங்கினாள். துறையூரில் சங்கத் தலைவர் இறங்கியபோது, அவரை மோந்து பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

தை மாதம் கல்யாணம். முந்தின நாள் இருதயநாதன் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை வாங்கிக்கொண்டு வந்தார். "கோயிலுக்குள்ள மட்டும் போட்டுக்கம்மா, நாலு பேரு பாப்பாங்க."

செல்வமேரி விரித்துப் பார்த்தாள். நல்ல நூல். அன்று சாயங்காலமே அதில் பஞ்சு அடைத்து ஒரு கட்டிலுக்குப் பாலீஷ் போட்டுவிட்டாள்.

மறுநாள் கோயிலில் முதல் வரிசையில் நின்றாள். பட்டுச் சேலை, தலையில் முக்காடு, மணிக்கட்டுவரை கருஞ்சிவப்பான வெறுங்கை. நாலு பேர் பார்க்கத்தான் பார்த்தார்கள். பீடத்துக்கு முன்னால் பேட்ரிசியா நீட்டிய கையும் அந்த நிறம். மோதிரம் போட்ட மாப்பிள்ளையின் உள்ளங்கையிலும் போகாமல் ஒரு திட்டு இருந்தது. லூர்துராணி பக்கத்தில் வந்து செல்வமேரியின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஆசீர்வாதம்வரை விடாமல் நின்றாள். ஸ்தனிஸ்லாஸ் ஆண்கள் பக்கத்திலிருந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் திருச்சிராப்பள்ளியில் தன்னைப்போல் கொடுத்துவைத்த புருஷன் எவனும் இல்லை என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

இத்தனைக்கும் சாட்சியான ஸ்தனிஸ்லாஸ் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதும் சத்தியம்.